அச்சேறாத புகைப்படப் புத்தகத்துக்கு நினைவு நல்கை: முதன்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு

பல ஆண்டுகள் எடுத்த படங்களை ஒரு புத்தகமாகப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். அச்சகத்தில் செலவை விசாரித்ததும் அந்த ஆசையை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் கைகொடுக்கத்தான் நினைவு நல்கைகள் இருக்கின்றன. மறைந்துபோன ஒரு புகைப்படக்காரர் பெயரிலோ பதிப்பாளர் பெயரிலோ அவருடைய குடும்பத்தாரும் நண்பர்களும் பணம் ஒதுக்கி, இதுவரை வெளிவராத ஒரு புகைப்படப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்து அச்சேற உதவுகிறார்கள்.

நான் விண்ணப்பித்தும் இருக்கிறேன். தேர்வுக் குழுவில் உட்கார்ந்து பிறருடைய விண்ணப்பங்களைப் புரட்டியும் இருக்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் ஒன்று உறுதியாகத் தெரிந்தது. குழு எடைபோடுவது புத்தகத்தை. அற்புதமான படங்கள் வந்திருக்கும், ஆனால் அவற்றுக்குள் புத்தகம் இருக்காது; தள்ளப்படுவதில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவைதான். அதனால் விண்ணப்பப் படிவத்தைக் கடைசியில் நிரப்புங்கள். முதல் வேலை வேறு.

யாருடைய நினைவு என்று படியுங்கள்

நல்கையின் பெயரில் இருப்பவர் யார், என்ன செய்தார், எதை முடிக்காமல் போனார் என்று ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து படியுங்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜீன் ஸ்மித் 1955-இல் அங்குள்ள பிட்ஸ்பர்க் நகரத்தைப் படமெடுக்கப் போனார். கேட்கப்பட்டது மூன்று வாரம், நூறு படம். அவர் அங்கேயே தங்கி ஆயிரமாயிரமாக எடுத்துக் குவித்தார். மனத்தில் இருந்த அந்தப் பெரிய கட்டுரையை அவர் நினைத்த வடிவில் வெளியிட முடியாமலே 1978-இல் இறந்துபோனார். அவர் பெயரில் அமைந்த நினைவு நிதி 1980-லிருந்து மனிதர்களின் வாழ்வை ஆழ்ந்து பதிவு செய்யும் புகைப்படக்காரர்களுக்கு உதவி வருகிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதை தெரிந்தவருக்கு, அங்கே எந்த மாதிரி வேலையை மதிப்பார்கள் என்பது யாரும் சொல்லாமலே விளங்கும்.

ஆனால் அது படமெடுக்கும் வேலைக்கான நிதி, அச்சுச் செலவுக்கானது அல்ல. புதிதாக வருபவர்கள் இதில்தான் குழம்புகிறார்கள். படமெடுக்கத் தருவது ஒரு வகை. முடிந்த படங்களைப் புத்தகமாக்கத் தருவது இன்னொரு வகை. ஏற்கெனவே வெளிவந்த புத்தகத்துக்குப் பரிசு தருவது மூன்றாவது வகை. பாரிஸ் ஃபோட்டோ என்ற புகைப்படக் கண்காட்சியும் அப்பர்ச்சர் என்ற அமெரிக்கப் புகைப்பட அமைப்பும் சேர்ந்து 2012-லிருந்து வழங்குவது இந்த மூன்றாவது வகைப் பரிசு. கையில் டம்மி, அதாவது அச்சுக்கு முன் கையால் செய்து பார்க்கும் மாதிரிப் புத்தகம், மட்டும் வைத்திருப்பவர் அங்கே போய்ப் பயனில்லை. நமக்கு வேண்டியது இரண்டாவது வகை. பிரான்சின் ஆர்ல் நகரத்துப் புகைப்படத் திருவிழாவில் 2015 முதல் நடக்கும் டம்மி விருது அப்படிப்பட்டது. அது நினைவு நல்கை அல்ல என்றாலும், வெளிவராத புத்தகத்தை டம்மியாக வாங்கிப் பார்த்து, தேர்வானதை அச்சேற்றப் பணம் தரும் முறைக்கு நல்ல உதாரணம்.

‘வெளிவராத’ என்றால் என்ன?

விதிமுறைகளில் இந்த ஒரு சொல்லை விளக்கும் வரியைத் தேடிக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு நல்கையும் இதை ஒவ்வொரு விதமாகப் பார்க்கும். கண்காட்சியில் வைத்த படங்கள் பொதுவாகப் பிரச்சினை இல்லை. பத்திரிகையில் சில படங்கள் வந்திருந்தாலும் பெரும்பாலும் ஏற்பார்கள். நீங்களே முப்பது பிரதி போட்டு நண்பர்களுக்குக் கொடுத்திருந்தால்? அங்கேதான் சிக்கல். மேக் பதிப்பகம் 2012-இல் தொடங்கிய முதல் புத்தக விருதில், வெளிப் பதிப்பகம் ஒன்றின் மூலம் இதுவரை புத்தகம் வெளியிடாதவரா என்றே பார்த்தார்கள். வேறு சில இடங்களில் ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் வாங்கிவிட்டாலே வெளிவந்ததாகக் கணக்கு. சந்தேகம் இருந்தால் இரண்டு வரியில் மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. மறைத்து வைத்தது பிறகு தெரியவந்தால்தான் தேர்வானதையே ரத்து செய்வார்கள்.

அதே மின்னஞ்சலில் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துவிடலாம். நல்கை பணமாக வருமா, அல்லது அவர்களே அச்சிட்டுத் தருவார்களா? இறந்துபோன புகைப்படக்காரரின் படங்களுக்கு அவருடைய வாரிசு விண்ணப்பிக்கலாமா? இரண்டாவது கேள்வியை நான் வேண்டுமென்றேதான் சொல்கிறேன். அப்பாவின் நெகட்டிவ் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். பல நினைவு நல்கைகள் அவர்களை மனமுவந்து வரவேற்கும்.

படங்களைத் தரையில் பரப்புங்கள்

இனிதான் உண்மையான வேலை. கணினித் திரையில் புத்தகம் பிறக்காது. எல்லாப் படங்களையும் உள்ளங்கை அளவுக்குச் சாதாரணத் தாளில் அச்சிட்டு, வெட்டி, தரையில் பரப்புங்கள். 200 படம் இருந்தால் 200-ஐயும். முதல் நாள் ஒன்றையும் நீக்க வேண்டாம், நடமாடிக்கொண்டே பாருங்கள். இரண்டாம் நாள், ஒரே வேலையைச் செய்யும் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே சாளரம், ஒரே வெளிச்சம், மூன்று படம் என்றால் அவற்றில் ஒன்றுதான் இருக்கலாம்.

புகைப்படக்காரர் ராபர்ட் ஃபிராங்க் 1955-இல் குகன்ஹைம் அறக்கட்டளையின் நல்கை பெற்று அமெரிக்கா முழுவதும் காரில் சுற்றினார். 767 ஃபிலிம் ரோல் எடுத்தார். 27,000-க்கும் மேற்பட்ட ஃபிரேம்கள். அதில் ஏறத்தாழ ஆயிரத்தைப் பிரதி போட்டு, சுவரில் குத்தியும் தரையில் பரப்பியும் கழித்துக் கழித்துக் கடைசியில் புத்தகத்தில் வைத்தது 83. உங்களுக்கு எண்ணிக்கை வேறாக இருக்கலாம். கழிக்கும் வலி ஒன்றுதான்.

கழிக்கும்போது எனக்கு உதவும் கேள்வி இது: இந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் இருப்பவை மாறினால் இந்தப் படம் மாறுகிறதா? மாறினால் அது புத்தகப் படம். எங்கே வைத்தாலும் அதே மாதிரி அழகாக இருந்தால் அது சுவரில் மாட்டவேண்டிய படம். சுவர்ப் படத்தை விட மனசு வராது. இருந்தாலும் தனியே எடுத்து வையுங்கள்.

வரிசை கிடைக்காமல் திண்டாடும்போது, கதை சொல்ல முயலாமல் ஏதாவது ஒன்று கூடுவதையோ குறைவதையோ தேடுங்கள். வெளிச்சம் குறையலாம், மனிதர்கள் குறையலாம், தூரம் கூடலாம். பக்கம் திருப்பும்போது நடக்கும் அந்த மெல்லிய மாற்றத்தைத் தருவது புத்தகம் மட்டும்தான். வெற்றுப் பக்கத்துக்கும் அஞ்ச வேண்டாம். கனமான ஒரு படத்துக்குப் பிறகு வரும் வெள்ளைத்தாள் வாசகர் மூச்சுவிடும் இடம்.

டம்மி

புகைப்படப் புத்தகத்தின் வரலாறே கைவேலையில்தான் தொடங்குகிறது. ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் 1843-இல் கடற்பாசிகளைத் தாளின் மேல் வைத்து வெயிலில் நீலப்படமாக்கி, பக்கம் பக்கமாகக் கையால் உருவாக்கினார். நீங்கள் செய்யப்போகும் டம்மியும் அதே குடும்பம்தான். தாளை மடிப்பது, ஒட்டுவது, தைப்பது எல்லாம் நீங்களே செய்யுங்கள். அழகாக இல்லாவிட்டால் பரவாயில்லை. முதல் டம்மி உங்களுக்கானது.

அளவையும் பக்க எண்ணிக்கையையும் முதலில் தீர்மானியுங்கள். ஆஃப்செட் அச்சில், அதாவது தட்டு செய்து இயந்திரத்தில் ஓட்டும் அச்சில், ஒரு பெரிய தாளின் இரு பக்கமும் எட்டெட்டுப் பக்கம் அச்சாகி, மூன்று முறை மடிந்து பதினாறு பக்க ஃபாரமாக வரும். 96 பக்கம் என்றால் சரியாக ஆறு ஃபாரம். 100 பக்கம் என்று வைத்தால் மிச்சம் நாலு பக்கத்துக்காகத் தனியாக ஓட்டி, தனியாக மடித்துச் சேர்க்க வேண்டும், செலவு ஏறும். குழுவில் அச்சுத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். 96 என்று பார்த்தாலே இவர் அச்சகத்தில் பேசியிருக்கிறார் என்று புரிந்துகொள்வார்.

இன்னொன்று, நடுமடிப்பு. என்னுடைய முதல் டம்மியில் ஒரு பாட்டி கட்டிலில் உட்கார்ந்திருக்கும் படத்தை இரண்டு பக்கத்துக்கும் விரித்து வைத்திருந்தேன். திரையில் கம்பீரமாக இருந்தது. பசை பைண்டிங் செய்து திறந்தால் பாட்டியின் மூக்கும் ஒரு கண்ணும் மடிப்புக்குள் போய்விட்டன. எவ்வளவு அழுத்தித் திறந்தாலும் வரவில்லை. அழுத்தியதில் புத்தகத்தின் முதுகு பிளந்து இரண்டு தாள் கையோடு வந்தது. அந்தப் படத்தில் நான் காட்ட நினைத்ததே அந்தக் கண்ணைத்தான். பசை பைண்டிங்கில் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சென்டிமீட்டர் வரை மடிப்பு விழுங்கிவிடும். ஃபாரம் ஃபாரமாகத் தைத்தால் புத்தகம் நன்றாக விரியும், அப்போதும் முகத்தையும் கையையும் நடுக்கோட்டில் வைக்காதீர்கள். அந்தப் பாட்டியை இப்போது வலப்பக்கத்தில் தனியாகச் சின்னதாக வைத்திருக்கிறேன். இடப்பக்கம் வெறுமை. படம் முன்பைவிட நெருக்கமாகிவிட்டது.

தாள் பற்றி ஒரு வார்த்தை. வழவழப்பான ஆர்ட் பேப்பரில் கறுப்பு ஆழமாக நிற்கும்; பளபளப்பும் கூடவே வரும். பூச்சில்லாத தாள் கைக்கு இதமாக இருக்கும், ஆனால் மையை உறிஞ்சிப் புள்ளிகள் பரவுவதால் நிழல் பகுதிகள் அடைத்துக்கொள்ளும். இருட்டான படங்கள் நிறைய இருந்தால், முடிவு செய்யும் முன் இரண்டு தாளிலும் ஒரே படத்தை அச்சிட்டுப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திரையின் ஆர்ஜிபி ஒளி நிறங்களில் தெரியும் துடிப்பான நீலமும் பச்சையும் அச்சின் சிஎம்ஒய்கே நாலு நிற மையில் மங்கும் என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

படக்கோப்பின் அளவையும் சரிபாருங்கள். 24 சென்டிமீட்டர் அகலப் பக்கத்தை நிறைக்க, அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ) கணக்கில் ஏறத்தாழ 2,835 பிக்ஸல் வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் விரித்தால் 5,670. பழைய கைபேசிப் படங்களை எவ்வளவு பெரிதாக வைக்கலாம் என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடும்.

டம்மி முடிந்ததும் ஒருவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் வாயைத் திறக்காமல் அவர் விரல்களைக் கவனியுங்கள். எங்கே வேகமாகத் திருப்புகிறார், எங்கே பின்னால் போய்ப் பார்க்கிறார், எங்கே இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிட்டு அது தெரியாமலே மேலே போகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் வேகமெடுத்தால், அந்த இடத்தில் படம் அதிகம். பிறகு அவர்கள் வாயால் சொல்லும் கருத்தைவிட இது எவ்வளவோ மேல்.

அறிமுகக் குறிப்பு

பெரும்பாலும் 300 சொல்லுக்குள் புத்தகத்தைப் பற்றி எழுதச் சொல்வார்கள். ‘இந்தப் படைப்பு நினைவுக்கும் இடத்துக்கும் அடையாளத்துக்கும் இடையேயான உறவை ஆராய்கிறது’ என்று தொடங்கும் குறிப்பு ஒவ்வொரு ஆண்டும் கட்டுக்கட்டாக வருகிறது. படித்து முடித்ததும் ஒரு படம்கூட மனத்தில் நிற்காது. இப்படி எழுதிப் பாருங்கள்:

‘கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவரின் மேசையை, அவருக்குப் பார்வை மங்கத் தொடங்கியதிலிருந்து கடையைப் பூட்டிய நாள் வரை 4 ஆண்டுகள் படமெடுத்தேன். புத்தகம் நெடுக அந்த மேசை மட்டும்தான் வரும். போகப்போக மேசையில் கருவிகள் குறையும், உருப்பெருக்கிகள் கூடும். அவர் முகம் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒருமுறை வரும்.’

இதில் எங்கே, யார், எவ்வளவு காலம் என்பது வந்துவிட்டது. அதைவிட முக்கியமாக, இது ஏன் புத்தகமாக வேண்டும் என்பதும் வந்துவிட்டது. கருவிகள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பக்கம் திருப்பித்தானே உணர முடியும்? உங்கள் குறிப்பிலும் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் சிக்கல் குறிப்பில் இல்லை, வரிசையில் இருக்கலாம். மறுபடி தரைக்குப் போங்கள். நல்கையின் பெயருக்குரியவரை வலிந்து புகழ்ந்து ஒரு பத்தி சேர்க்க வேண்டாம். அவருடைய வேலைக்கும் உங்கள் வேலைக்கும் உண்மையாகவே தொடர்பு இருந்தால் ஒரு வாக்கியம் போதும். படிப்பவர்களில் அவருடைய மகளோ நெருங்கிய நண்பரோ இருக்கக்கூடும். மெய்யா பொய்யா என்பது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

ஒப்புதல்

படத்தில் இருப்பவர்களிடம் ‘படமெடுக்கலாமா’ என்று கேட்டதும் ‘புத்தகத்தில் போடலாமா’ என்று கேட்பதும் ஒன்றல்ல. டம்மியை எடுத்துக்கொண்டு போய் அவர்களுடைய பக்கத்தைக் காட்டிக் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம். குடும்ப ஆல்பத்துப் பழைய படங்களையோ செய்தித்தாள் துணுக்குகளையோ சேர்த்திருந்தால், அவற்றின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று இப்போதே தேடுங்கள். நல்கை கிடைத்தபிறகு ஒருவர் மறுத்தால் மொத்த வரிசையும் குலையும்.

செலவுத் திட்டம்

விண்ணப்பம் நம்பிக்கை பெறுவதும் இழப்பதும் இங்கேதான். இந்தப் பகுதியை அவசரமாகக் கடைசி இரவில் எழுதுவார்கள். ஒரே வரியில் ‘அச்சுச் செலவு’ என்று ஒரு பெரிய தொகை இருக்கும். அதைப் படிப்பவருக்கு, பணம் கொடுத்தால் புத்தகம் வெளிவருமா என்ற சந்தேகம் வந்துவிடும்.

குறைந்தது இரண்டு அச்சகங்களிடம் எழுத்தில் விலை கேளுங்கள். கேட்கும்போது பக்க அளவு, பக்க எண்ணிக்கை, தாளின் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), ஒற்றை நிறமா நாலு நிறமா, பைண்டிங், அட்டை, பிரதி எண்ணிக்கை எல்லாம் சொன்னால்தான் உருப்படியான விலை வரும். 300, 500, 1,000 என்று மூன்று எண்ணிக்கைக்குக் கேளுங்கள். ஆஃப்செட்டில் தட்டு போடுவது, இயந்திரத்தைத் தயார் செய்வது எல்லாம் ஒருமுறைச் செலவு; அதனால் எண்ணிக்கை கூடக்கூட ஒரு பிரதியின் விலை இறங்கும். டிஜிட்டல் அச்சில் அப்படி இறங்காது, ஆனால் 100 பிரதிக்கு அதுதான் சரிவரும். விலை இறங்குகிறதே என்று 1,000-க்குப் போய்விடாதீர்கள். விற்காத 600 பிரதிகளுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறீர்கள்.

அச்சைத் தவிர ஸ்கேனிங், வடிவமைப்பு, நிறச் சீரமைப்பு, மொழிபெயர்ப்பு, மெய்ப்பு (பிழை திருத்தம்), அதே தாளில் சோதனை அச்சு, ஐஎஸ்பிஎன், கட்டாயமாக நூலகத்துக்குக் கொடுக்கவேண்டிய பிரதிகள், தபால், வெளியீடு என்று தனித்தனி வரிகள் வேண்டும். எதிர்பாராச் செலவுக்கு ஒரு பத்து சதவீதம். வடிவமைப்பாளருக்கு ஊதியமே போடாமல் ‘நண்பர் செய்து தருவார்’ என்று எழுதுவதை நான் விரும்புவதில்லை. நண்பர் என்றாலும் அது அவருடைய உழைப்பு.

பெரும்பாலானோர் மறப்பது எடை. 24-க்கு 30 சென்டிமீட்டர் பக்கம், 96 பக்கம், 150 ஜிஎஸ்எம் தாள் என்று வைத்துக்கொள்வோம். 48 தாள், ஒவ்வொன்றும் 0.072 சதுர மீட்டர். உள்தாள் மட்டும் 518 கிராம். கெட்டி அட்டை சேர்ந்தால் முக்கால் கிலோவைத் தொடும். 500 பிரதி என்றால் 375 கிலோ. அதை அச்சகத்திலிருந்து கொண்டுவர வண்டி வேண்டும், ஈரம் படாமல் அடுக்க இடம் வேண்டும், ஒவ்வொன்றாகத் தபாலில் அனுப்ப உறை வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் பக்க அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வருவார்கள். புத்தகமும் கைக்கு அடக்கமாகிவிடும்.

நல்கைத் தொகை போதாவிட்டால் மிச்சம் எங்கிருந்து வரும் என்பதையும் எழுதுங்கள். முன்பதிவு, பதிப்பகத்தின் பங்கு, கைப்பணம், எதுவாக இருந்தாலும் சரி.

அனுப்புவது

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிடிஎஃபை இரண்டிரண்டு பக்கமாக, புத்தகம் விரிந்த தோற்றத்தில் அனுப்புங்கள். ஒற்றைப் பக்கங்களாக அனுப்பினால் நீங்கள் யோசித்து வைத்த எதிர்ப்பக்கங்கள் பிரிந்துபோகும். கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருக்கட்டும், பெயர் மறைத்து அனுப்பச் சொன்னால் தவிர. டம்மியை நேரில் கேட்டால் ஒரே பிரதியை அனுப்பாதீர்கள், இரண்டாவது ஒன்று வீட்டில் இருக்கட்டும். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்.

பதில் வந்தபிறகு

தேர்வாகவில்லை என்றால் டம்மியின் உள்ளட்டையில் தேதியை எழுதி வையுங்கள். மூன்று மாதம் அதைத் திறக்க வேண்டாம். திறக்கும்போது எந்தப் பக்கத்தில் தயங்குகிறீர்கள் என்று பாருங்கள். அங்கிருந்து அடுத்த டம்மி தொடங்கும். குழு கருத்துச் சொல்லுமா என்று மரியாதையாக ஒருமுறை கேட்கலாம்.

தேர்வாகிவிட்டால் மகிழ்ச்சியில் கையெழுத்துப் போட்டுவிடாமல் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். படங்களின் பதிப்புரிமை உங்களிடமே இருக்க வேண்டும். இந்தப் புத்தகத்தை, இந்தப் பதிப்புக்கு, இத்தனை பிரதி அச்சிடும் உரிமையை மட்டும் கொடுங்கள். உங்களுக்கு எத்தனை பிரதி, விற்பனையில் என்ன பங்கு, இரண்டாம் பதிப்பு வந்தால் என்ன, எப்போதைக்குள் வெளிவரும், வராவிட்டால் உரிமை திரும்புமா, விற்காதவற்றை அழிப்பதற்கு முன் உங்களிடம் கேட்பார்களா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். ‘இன்னாரின் நினைவாக’ என்ற வாசகத்தை எந்தப் பக்கத்தில் எப்படி அச்சிட வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுவிட்டால் வடிவமைப்பாளர் அதற்கு நல்ல இடம் வைப்பார். கடைசி நேரத்தில் ஒரு சின்னத்தை அட்டையில் ஒட்டினால் இரண்டு பேருக்கும் வருத்தம்.

அச்சேறும் நாளில் முடிந்தால் அச்சகத்துக்குப் போங்கள். டம்மியையும் ஒப்புக்கொண்ட சோதனை அச்சையும் கையோடு கொண்டுபோங்கள். இயந்திரத்தில் இருப்பவரிடம் எந்தப் படத்தின் நிழல் முக்கியம் என்று விரல் வைத்துக் காட்டுங்கள். முதல் ஃபாரத்தில் அவரோடு பொறுமையாகப் பேசிவிட்டால், மிச்ச ஃபாரங்களை அவரே பார்த்துக்கொள்வார்.

பெட்டிகள் வந்ததும் விற்பனைக்கு எண்ணும் முன் சில பிரதிகளை எடுத்துத் தனியாக வையுங்கள். ஒன்று, யாருடைய நினைவாக நல்கை தரப்பட்டதோ அவருடைய குடும்பத்துக்கு. கையால் எழுதிய ஒரு கடிதத்தோடு. மற்றவை படத்தில் இருப்பவர்களுக்கு. அவற்றைத் தபாலில் போட வேண்டாம். நேரில் கொண்டுபோய், அவர்கள் பக்கம் புரட்டும்வரை உட்கார்ந்திருங்கள்.